மோடல் பாப்-அப் திரைக்கு நடுவில் வராமல் பக்கத்தின் நடுவில் போய் உட்காருகிறது, இசட்-இண்டெக்ஸ் 99999 கொடுத்தும் ஹெடருக்குக் கீழேதான் இருக்கிறது

வைகைக்கரை:

மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக, வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுத்துப் போக முன்பதிவு செய்யும் பக்கம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். பதிவு செய்பவர்களில் பாதிக்கு மேல் வயதானவர்கள், எல்லாம் போனில்தான். முகவரியை மாற்ற ஒரு பட்டன், அதைத் தொட்டால் ஒரு மோடல் பாப்-அப், அதாவது மூடும்வரை பின்னால் இருப்பதைத் தொட விடாத பெட்டி, திறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் பாப்-அப்புக்குப் பொசிஷன் ஃபிக்ஸ்டு, டாப் 50%, லெஃப்ட் 50%, டிரான்ஸ்லேட் மைனஸ் 50%, எல்லோரும் செய்கிற அதே முறை. லாகின் பக்கத்தில் அழகாக நடுவில் வருகிறது. முன்பதிவுப் பக்கத்தில் பட்டனைத் தொட்டால் திரை இருட்டாகிறது, பெட்டியைக் காணோம். கீழே ஸ்க்ரோல் செய்துகொண்டே போனால் டெஸ்ட் பட்டியலின் பாதியில், தைராய்டு வரிக்குப் பக்கத்தில் பெட்டி நிற்கிறது. பட்டியல் சின்னதாக இருந்தால் ஏறக்குறைய சரியான இடத்தில் வருகிறது, நீளமாக இருந்தால் காணாமல் போகிறது. இன்னொன்று, இருட்டு எல்லா இடத்திலும் விழுவதில்லை, மேலே இருக்கும் ஹெடர் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகவே இருக்கிறது. எது மேலே நிற்கும் என்று சொல்லும் எண்ணான இசட்-இண்டெக்ஸ் பாப்-அப்புக்கு 99999, ஹெடருக்கு வெறும் 100. குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் ஒரே மாதிரிதான், அதனால் பிரவுசர் கோளாறு இல்லை என்று புரிகிறது. என் தப்பு எங்கே என்றுதான் தெரியவில்லை.

மென்தறி:

ஹெடர் மட்டும் இருட்டாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. பாப்-அப்பைச் சுற்றி இருக்கும் ஏதோ ஒரு டிவ்வில் (பக்கத்தைப் பிரிக்கும் பெட்டி) டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்த, சுழற்ற உதவும் சிஎஸ்எஸ் வரி) இருக்கிறது, ஹெடர் அந்த டிவ்வுக்கு வெளியே இருக்கிறது.

ஃபிக்ஸ்டு என்றால் எப்போதும் திரையை வைத்துத்தான் அளக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேலே உள்ள எந்த டிவ்வுக்காவது டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ் இந்த மூன்றில் ஒன்று நன் (none, ‘எதுவும் இல்லை’) அல்லாத மதிப்போடு இருந்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து ஃபிக்ஸ்டுக்கு அந்த டிவ்தான் எல்லை, திரை இல்லை. வில்-சேஞ்ச் டிரான்ஸ்ஃபார்ம் என்று சும்மா எழுதி வைத்திருந்தாலும் இதேதான். உங்கள் பட்டியல் டிவ் 4000 பிக்சல் உயரம் என்றால் 50% என்பது 2000வது பிக்சல், பெட்டி அங்கே போய் நிற்கிறது. பட்டியல் சின்னதானால் சரியாக வருகிறது என்று நீங்கள் சொல்வதும் இதனால்தான்.

இசட்-இண்டெக்ஸ் கதையும் அதே டிவ்வால் வந்ததுதான். டிரான்ஸ்ஃபார்ம் உள்ள டிவ் தனக்குள் ஒரு தனி அடுக்கை உண்டாக்கிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் 99999 அந்த அடுக்குக்குள் மட்டும்தான் செல்லும். கீழ்வீட்டில் பீரோ மேல் எத்தனை பெட்டி அடுக்கினாலும் மாடிவீட்டுத் தரையைத் தாண்டாது, அந்த மாதிரி. ஹெடர் மாடியில் இருக்கிறது. நீங்கள் இன்னும் நாலு 9 சேர்த்தாலும் ஒன்றும் நடக்காது.

பிரவுசரின் டெவ்டூல்ஸ் கருவியில் பாப்-அப்பைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு டிவ்வாக மேலே ஏறிப் போய், கம்ப்யூட்டட் பகுதியில் டிரான்ஸ்ஃபார்ம் என்ன என்று பாருங்கள். ஸ்டைல்ஸ் பகுதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அனிமேஷனிலிருந்து வருவதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். பக்கம் திறக்கும்போது உள்ளடக்கம் கீழிருந்து மெல்ல எழும்பி வருகிற மாதிரி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

வைகைக்கரை:

வைத்திருக்கிறேன்! மெயின் டிவ்வுக்கு ஒரு ஃபேட்-இன், டிரான்ஸ்லேட்-ஒய் 20 பிக்சலில் தொடங்கி 0வில் முடியும். லாகின் பக்கத்தில் அது இல்லை. ஆனால் 0 என்றால் எதுவும் நகரவே இல்லையே, அதையுமா கணக்கில் எடுக்கும்? கம்ப்யூட்டட் பகுதியில் மேட்ரிக்ஸ் 1, 0, 0, 1, 0, 0 என்று காட்டுகிறது.

மென்தறி:

ஆமாம், அதேதான். 0 பிக்சல் நகர்த்தினாலும் அது டிரான்ஸ்ஃபார்ம்தான், நன் என்று இருந்தால்தான் இல்லை என்று கணக்கு. அனிமேஷன் முடிந்த பிறகும் மேட்ரிக்ஸ் தெரிகிறது என்றால் ஃபில்-மோட் ஃபார்வர்ட்ஸ் அல்லது போத் என்று கொடுத்திருப்பீர்கள், அது கடைசி நிலையைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். அதை பேக்வர்ட்ஸ் என்று மாற்றுங்கள். தொடங்கும் முன் உள்ள காத்திருப்பில் மட்டும் அது பிடித்திருக்கும், முடிந்ததும் விட்டுவிடும், டிவ் தன் சாதாரண நிலைக்குத் திரும்பும். அந்தச் சாதாரண நிலையில் டிரான்ஸ்ஃபார்மே கிடையாது, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. முடிவில் டிரான்ஸ்ஃபார்ம் நன் என்று எழுதிவிட்டு ஃபார்வர்ட்ஸை அப்படியே விட்டாலும் போதாது, அனிமேஷன் பிடியில் இருக்கும்வரை பிரவுசர் அந்த டிவ்வைத் தனி அடுக்காகத்தான் நடத்தும்.

பனையோலை:

மென்தறி சொன்னது முழுக்கச் சரி. ஆனாலும் இதை இந்த ஒரு இடத்தில் மட்டும் சரி செய்துவிட்டுப் போகாதீர்கள். நாளைக்கு வேறு யாராவது ஒரு கார்டுக்கு ஃபில்டர் வைப்பார்கள், திரும்ப இதே பாடு. கையால் கட்டிய டிவ் பாப்-அப்பை எடுத்துவிட்டு எச்டிஎம்எல்லில் இருக்கும் டயலாக் எலிமென்டுக்கு மாறிவிடுங்கள். குரோமில் 2014இல் 37ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸ் 98, சஃபாரி 15.4 இரண்டும் 2022 மார்ச்சில் சேர்ந்துகொண்டன. இத்தனை வருஷம் தயங்கியதற்குக் காரணம் இருந்தது, இப்போது இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஷோமோடல் என்று கூப்பிட்டால் பிரவுசர் அதைத் தூக்கி டாப் லேயரில் வைக்கிறது. எல்லா அடுக்குக்கும் மேலே, இசட்-இண்டெக்ஸ் என்ற பேச்சே அங்கே இல்லை. மேலே உள்ள டிவ்வின் டிரான்ஸ்ஃபார்ம், ஓவர்ஃப்ளோ ஹிடன், ஒபாசிட்டி எதுவும் அதைத் தொடாது. ஆனால் மேலே இருக்கும் டிவ்வை டிஸ்பிளே நன் செய்தால் டயலாக்கும் சேர்ந்து மறையும், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கேப் அழுத்தினால் மூடுகிறது, பின்னால் இருக்கும் பட்டன்களை யாரும் தவறித் தொட முடியாது, மூடியதும் ஃபோகஸ் முதலில் தொட்ட பட்டனுக்கே திரும்பிப் போகிறது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய உதவி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாறும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் மூன்று இருக்கிறது. ஓபன் என்ற ஆட்ரிபியூட்டை நீங்களே கையால் போடக் கூடாது, போட்டால் டயலாக் தெரியும், ஆனால் மோடலாக இருக்காது, டாப் லேயரும் இல்லை பின்னால் இருட்டும் இல்லை. அந்த நிலையில் ஷோமோடல் கூப்பிட்டால் பிழை வேறு எறியும். அப்புறம், டயலாக்குக்கு நேரடியாக டிஸ்பிளே ஃப்ளெக்ஸ் கொடுத்தால் மூடியிருக்கும்போதும் பக்கத்தில் பப்பரப்பே என்று தெரியும், ஏனென்றால் மூடிய டயலாக்கை மறைப்பது பிரவுசரின் டிஸ்பிளே நன்தான், அதை உங்கள் வரி மீறிவிடுகிறது. ஓபன் இருக்கும் டயலாக்குக்கு மட்டும் ஃப்ளெக்ஸ் கொடுங்கள். மூன்றாவது, உங்கள் சிஎஸ்எஸ் தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் மார்ஜின் 0 என்று ஒரு ரீசெட் இருந்தால் டயலாக் இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பிரவுசர் அதை நடுவில் வைப்பதே மார்ஜின் ஆட்டோவால்தான், திரும்பக் கொடுத்துவிட்டால் சரி.

வைகைக்கரை:

மாற்றிவிட்டேன். மார்ஜின் விஷயம் அப்படியே நடந்தது, நீங்கள் முன்னாடியே சொல்லாமல் விட்டிருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும். கணினியில் எல்லாம் சரி. இப்போது வேறு இரண்டு பிரச்சினை. தேதி தேர்வு செய்யும் காலண்டர் டயலாக்குக்குப் பின்னால் திறக்கிறது, பாதி எட்டிப் பார்க்கிறது, தொட்டாலும் வேலை செய்யவில்லை. இன்னொன்று போனில். டயலாக்குக்கு ஹைட் 100விஎச் (திரையின் முழு உயரம்), மேக்ஸ்-ஹைட் நன் கொடுத்தேன், கீழே இருக்கும் சேமி பட்டன் பிரவுசரின் அடிப்பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. என் அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன், முகவரியை முழுக்க அடித்து முடித்துவிட்டு “எங்கேப்பா அமுக்குறது?” என்று கேட்டார்கள்.

பனையோலை:

காலண்டர் பிரச்சினை டாப் லேயரால்தான். அந்த மாதிரிக் காலண்டர் நிரல்கள் தங்கள் பெட்டியை எச்டிஎம்எல்லின் பாடி பகுதியின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டும். மோடல் டயலாக் திறந்திருக்கும்போது டயலாக்குக்கு வெளியே இருப்பது எல்லாம் செயலற்றுப் போகும், அதனால்தான் தொட்டாலும் அசையவில்லை. காலண்டரை டயலாக்குக்குள்ளேயே ஒட்டச் சொல்லுங்கள். ஃப்ளாட்பிக்கர் என்றால் அப்பெண்ட்-டூ என்ற அமைப்பு, பட்டியலிலிருந்து தேர்வு செய்யும் செலக்ட்2 போன்றது இருந்தால் அதற்கு டிராப்டவுன்-பேரன்ட். “சேமிக்கப்பட்டது” என்று மூலையில் வருகிற சின்ன அறிவிப்பு வைத்திருந்தால் அதற்கும் இதே விதி.

ஆனால் உங்கள் ஆட்களுக்கு நான் சொல்வது, காலண்டரையே தூக்கிவிட்டு இன்புட் டைப் டேட் போடுங்கள். போனில் அவரவர் போனின் சொந்தக் காலண்டர் திறக்கும், அது அவர்களுக்கு ஏற்கெனவே பழகியது.

கடலோரக்கோடு:

போன் பகுதிக்கு நான் வருகிறேன். மொபைல் பிரவுசரில் 100விஎச் என்பது அட்ரஸ் பார் சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரம். பார் விரிந்திருக்கும்போது அவ்வளவு இடம் கிடையாது, கீழே இருப்பது வெட்டுப்படும். அதற்காகவே டிவிஎச் என்ற அலகு வந்தது, அந்தந்த நேரத்தில் உண்மையில் இருக்கும் உயரத்தைத் தரும், 2022 முடிவதற்குள் மூன்று பிரவுசரிலும் வந்துவிட்டது. மேக்ஸ்-ஹைட் 90டிவிஎச் வையுங்கள், ஹைட் வேண்டாம். டயலாக்கை மேலிருந்து கீழ் ஃப்ளெக்ஸ் ஆக்கி, தலைப்பு, நடுப்பகுதி, பட்டன் வரிசை என்று பிரித்து, நடுப்பகுதிக்கு மட்டும் ஓவர்ஃப்ளோ ஆட்டோ. இடையில் ஃபார்ம் இருந்தால் அதையும் மேலிருந்து கீழ் ஃப்ளெக்ஸ் ஆக்கி, அதற்கு மின்-ஹைட் 0 கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் உள்ளே இருப்பது சுருங்க மறுத்துப் பட்டன் வரிசையை வெளியே தள்ளும்.

இதோடு முடியவில்லை. கீபோர்டு மேலே வரும்போது டிவிஎச் மாறாது. ஐபோனில் எப்போதும் அப்படித்தான், ஆண்ட்ராய்டு குரோமும் 108ஆம் பதிப்பிலிருந்து அப்படி ஆகிவிட்டது, கீபோர்டு பக்கத்தின் மேல் வந்து படர்கிறதே தவிர பக்கத்தைச் சுருக்குவதில்லை. ஆண்ட்ராய்டுக்கு வியூபோர்ட் மெட்டாவில் இன்டராக்டிவ்-விட்ஜெட் என்பதை ரீசைசஸ்-கன்டென்ட் என்று வைத்தால் பழையபடி சுருங்கும். சஃபாரிக்கு விஷுவல் வியூபோர்ட்டின் உயரத்தை ஜாவாஸ்கிரிப்ட்டில் எடுத்து மேக்ஸ்-ஹைட்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் முகவரிக்கு நாலே கட்டங்கள் என்றால் இந்தப் பாடு வேண்டாம், சேமி பட்டனை அடியில் ஒட்டி வைக்காமல் பின்கோடு கட்டத்துக்கு அடுத்து அதே ஸ்க்ரோலுக்குள் வைத்துவிடுங்கள். கடைசிக் கட்டத்தை முடித்ததும் விரல் போகும் இடத்திலேயே பட்டன் இருக்கும்.

இன்புட்களின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தொட்டவுடன் தானாகப் பெரிதாக்கும், டயலாக்கின் வலது பக்கம் வெளியே ஓடிவிடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்தறி:

ஒரு சின்ன விஷயம். டயலாக் திறக்கும்போது பின்பக்கம் ஸ்க்ரோல் ஆகாமல் இருக்க ஓவர்ஃப்ளோ ஹிடன் வைப்பீர்கள், விண்டோஸில் ஸ்க்ரோல்பார் மறைந்து பக்கம் சுமார் 15 பிக்சல் அகலமாகி, நடுவில் இருப்பவை வலது பக்கம் குதிக்கும். எச்டிஎம்எல் எலிமென்டுக்கு ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள் கொடுத்தால் அந்த இடத்தை அப்படியே ஒதுக்கி வைக்கும்.

ஐபோன் 6 போன்ற பழைய போன்கள் ஐஓஎஸ் 12க்கு மேல் போகாது, அவற்றில் டயலாக் எலிமென்ட் கிடையாது. வயதானவர்களிடம் பிள்ளைகள் கொடுத்த பழைய போன்கள் இருக்கும், அதனால் பாலிஃபில் (பிரவுசரில் இல்லாத வசதியை ஈடுகட்டும் நிரல்) ஒன்று சேர்த்துவிடுங்கள்.

வைகைக்கரை:

எல்லாம் செய்தாயிற்று. ஃபில்-மோடை பேக்வர்ட்ஸ் ஆக்கினேன், காலண்டரைத் தூக்கிவிட்டு டைப் டேட் போட்டேன், சேமி பட்டன் பின்கோடுக்கு அடுத்த வரியில். எழுத்து 14 பிக்சலில் இருந்தது, 18 ஆக்கிவிட்டேன். சிஎஸ்எஸ்ஸில் இருந்த 99999, 9999, 10001 எல்லாவற்றையும் தேடி அழித்தேன், பதினொரு இடத்தில் இருந்தது. பாலிஃபில் மட்டும் பாக்கி, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய போனை நாளைக் காலை வாங்கிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அம்மா இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, முகவரியை மாற்றிச் சேமித்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார்கள். மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி.