பொனற்றில் வெட்டும் திறப்புக்கு என்ன பெயர்?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் மோட்டார்ப் பொறிமுறை வகுப்பின் கைநூல் அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாக நிற்கிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காரின் பொனற்றில் (எஞ்சின் அறையின் மேல்மூடியில்), அந்த அறையின் சூடு வெளியேறுவதற்காகத் தகரத்தை வெட்டி அமைக்கிற திறப்புக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது?

கராச்சுகளில் அதை ‘வென்ற்’ என்பார்கள். செதில் செதிலாக அடித்தெடுத்தால் ‘லூவர்’ என்பார்கள். சென்ற ஆண்டுக் கைநூலில் நான் ‘காற்றுத் துளை’ என்று எழுதினேன். அந்தச் சொல்லால் விளைந்ததைச் சொன்னால்தான் என் தேவை விளங்கும். மாணவர் ஒருவர் தன் மாமாவின் பழைய கொறொல்லாவில், முன் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால், வாய் முன்னோக்கி இருக்கும்படி இரண்டு திறப்புகளை வெட்டி, விளிம்பை மடித்து, அரத்தால் தேய்த்து, பிறைமர் அடித்துக் கொண்டுவந்தார். கைவேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓடும்போது வண்டி முன்னரைவிட விரைவாகச் சூடேறியது. “காற்றுத் துளை என்றால் காற்று உள்ளே வரவேண்டும்தானே, சேர்?” என்று அவர் கேட்டபோது பிழை என் சொல்லில்தான் இருக்கிறது என்று உணர்ந்தேன்.

முகப்புக் கம்பிவலை வழியாக உள்ளே வரும் வளி, எஞ்சினைக் குளிர்விக்கும் றேடியேற்றரைக் கடந்த பின் எங்கேனும் வெளியேறியாக வேண்டும். வழமையாக அது எஞ்சினுக்குக் கீழே நிலத்தை நோக்கிப் போகிறது. அந்த வழி போதாவிட்டால் எஞ்சின் அறையில் அமுக்கம் கூடும். பின்னால் அமுக்கம் கூடினால் றேடியேற்றருக்குள் புகும் வளியும் குறையும். ஆகவே பொனற்றின் திறப்பு, வெளியே அமுக்கம் குறைந்த இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் பொனற்றின் முன் விளிம்பைத் தாண்டியதும் வருகிறது. முன் கண்ணாடியின் அடியிலோ, ஓடிவரும் வளி முட்டித் தேங்குவதால் அமுக்கம் கூடுகிறது. அங்கே வெட்டினால் திறப்பு உள்ளே இழுக்கும்.

இதை வகுப்பில் காட்ட, மேசன்மார் நீர்மட்டம் பார்க்கும் மெல்லிய குழாயை எடுத்து, ஒரு முனையை எஞ்சின் அறைக்குள்ளும் மறுமுனையை பொனற்றின் மேலும் ஒட்டி, நடுவில் நிறம் கலந்த நீரை விட்டு, பலாலி வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிப் பார்த்தோம். மேல்முனை முன்பக்கம் இருந்தபோது நீர்மட்டம் சில மில்லிமீற்றர் ஒரு பக்கம் ஏறியது. அதே முனையைக் கண்ணாடியடிக்கு நகர்த்தியதும் மறுபக்கம் ஏறியது.

எனக்கு வேண்டிய சொல் ‘வெளியே’ என்ற திசையைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும். உள்ளே இழுக்கும் முன்வாய்க்கு வேறொரு சொல் வேண்டும். வெள்ளிக்கு முன் உதவுங்கள்.

போதனாசிரியர், கோண்டாவில்

*

தம்பிக்கு வணக்கம்.

புதிதாகச் சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. ‘காலதர்’ இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் ‘மான்கட் காலதர் மாளிகை’ வருகிறது. மானின் கண்போன்ற அந்தத் திறப்பும் நீங்கள் தகரத்தில் வெட்டும் திறப்பும் காற்றுக்கு வழிதான். போர்த்துக்கீசரிடமிருந்து ‘யன்னல்’ வந்து சேருமுன்பே காற்றுக்கு வழிவிடும் திறப்புக்கு நாம் பெயர் வைத்திருந்தோம். அதை மறந்துவிட்டு ‘வென்ற்’ என்று எழுதுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

‘காற்று’ என்பதை விட்டு ‘வளி’ என்று நீங்கள் எழுதியது எனக்கு மகிழ்ச்சி. சங்கப் புலவர் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்று பாடினார். கடலில் பாய்க்கப்பல் ஓட்டியவனுக்குச் சொன்னதுதான். ஆனாலும் வளியை அதன் தொழிலில் வைத்து ஆள்வதுதானே உங்கள் மாணவர்களும் செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பொனற்’ என்பதே ஆங்கிலத்தில் பெண்கள் அணியும் தலையணியின் பெயர். அப்படியானால் அதனை ‘முக்காடு’ என்று எழுதலாம்; ‘முக்காட்டுக் காலதர்’ என்றால் பொருளும் ஓசையும் நிறைந்திருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஊர்காவற்றுறை

*

ஐயாவின் காலதரை நான் மதிக்கிறேன். ஆனால் அது திசை சொல்லாத சொல். அதே சிலப்பதிகாரத்தில் மனையறம்படுத்த காதையிலே தென்றல் ‘சாளரக் குறுங்கண் நுழைந்து’ உள்ளே வருகிறது. நம் இலக்கியத்தில் இத்தகைய திறப்பு காற்றை வரவேற்கும் திறப்பாகவே நினைவில் நிற்கிறது. போதனாசிரியரின் மாணவர் காலதர் என்று படித்திருந்தாலும் அதே பிழையைத்தான் விட்டிருப்பார்.

நான் உயிரியல் படிப்பிப்பவள். எங்கள் பாடநூலில் மீனின் சுவாச உறுப்புக்குப் பெயர் ‘பூ’. தமிழ்நாட்டார் ‘செவுள்’ என்பார்கள். சந்தையில் மீன் வாங்கும்போது பூமூடியை விரலால் உயர்த்தி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று நாம் எல்லோரும் பார்க்கிறோம். மீன் வாயால் நீரை எடுக்கிறது; நீர் பூவைக் கடந்து, பின்னோக்கித் திறக்கும் மூடியின் கீழால் வெளியேறுகிறது. அங்கே நீர் ஒருபோதும் உள்ளே வருவதில்லை. காரின் முகப்பு வாய், றேடியேற்றர் பூ, பொனற்றின் திறப்பு பூமூடியின் பிளவு. ‘பூப்பிளவு’ என்ற சொல் உயிரியலில் ஏற்கெனவே உண்டு. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை, நெல்லியடி

*

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடமாகச் சுன்னாகத்தில் ரிங்கரிங் வேலை செய்கிறேன். ரீச்சரின் விளக்கம் எனக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் பொனற்றில் பூ என்றால் என் பொடியன்கள் பெயின்ற் பேணியைத்தான் எடுப்பார்கள். முக்காடு என்று எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்திலும் நாங்கள் பொனற் என்றே சொன்னோம். அந்தச் சொல்லை அப்படியே விடுங்கள்.

பெயரைவிட முக்கியமானவற்றையும் கைநூலில் எழுதுங்கள். பொனற்றின் உட்சட்டத்தை வெட்டக்கூடாது. கொக்கி பூட்டும் இடத்துக்குக் கிட்டவும் போகக்கூடாது. மாரியில் திறப்பு வழியாக மழை இறங்கும். அதற்கு நேர் கீழே டிஸ்ரிபியூற்றரோ மின்பிறப்பாக்கியோ இருந்தால் அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து நீரை ஓரத்தால் வழிய விடவேண்டும். எங்கள் உப்புக்காற்றில் வெட்டிய விளிம்பை வெறுமையாக விட்டால் அடுத்த மாரிக்குள் துரு ஏறும். சிலர் வெட்டாமல், பின் கீல்களுக்குக் கீழே வாசர் போட்டு பொனற்றை உயர்த்துகிறார்கள். நிற்கும்போது சூடு மேலே போகும், உண்மை. ஓடும்போது போதனாசிரியர் சொன்ன அதே கண்ணாடியடிக் கதைதான்.

கராச் உரிமையாளர், சுன்னாகம்

*

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எழுதுகிறேன். ‘புகைபோக்கி’ எல்லோருக்கும் தெரிந்த சொல். போகு என்பது தன்வினை, போக்கு என்பது பிறவினை. போக்கி என்றால் வெளியே போகச் செய்வது. போதனாசிரியர் கேட்ட திசை அந்த வினையிலேயே இருக்கிறது. ஆகவே ‘வளிபோக்கி’. உள்ளே இழுக்கும் முன்வாய்க்கு ‘வளியேந்தி’. ‘வெப்பம்போக்கி’ என்றும் ஆக்கலாம், ‘மரங்கொத்தி’ போல. ஆனால் றேடியேற்றரே ஒரு வெப்பம்போக்கி ஆகையால் குழப்பம் வரும்.

ஒரு வேண்டுகோள்: ‘வளிப்போக்கி’ என்று ஒற்று மிகுத்து எழுதாதீர்கள். புகைபோக்கி, பூச்சிகொல்லி, களைகொல்லி ஆகிய எல்லாம் இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்கே வல்லினம் மிகாது. மிகுத்தால் வகுப்பில் அது ‘வழிப்போக்கன்’ என்ற சொல்லின் பக்கத்தில் போய் நிற்கும்; ளகரத்தையும் ழகரத்தையும் பிரித்து ஒலிக்கும் மாணவர்கள் இன்று எத்தனை பேர்?

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி

*

தம்பி, பூச்சிக்கொல்லி என்று ஒற்று மிகுத்துத்தான் கடைப் பலகைகளில் எழுதுகிறார்கள். அது பிழை என்பதில் உங்களுடன் உடன்படுகிறேன். ஆனால் ‘போக்கி’ என்று முடியும் பெயர், செய்யும் கருவியைக் குறிக்கும். தகரத்தில் உள்ள வெறும் திறப்பு எதையும் செய்வதில்லை. வளி தானே போகிறது. அது வழிதான், கருவி அன்று. ‘அதர்’ என்பதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

ஊர்காவற்றுறை

*

ஐயா, அந்த இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். சரியான இடத்தில் வெட்டிய திறப்பு வெறும் வழி அன்று. மேலே விரைந்து ஓடும் வளி கீழேயுள்ள வளியை இழுத்தெடுக்கிறது. செதிலின் வாய் பின்னோக்கி இருப்பதும் அதற்காகவே. அது வேலை செய்கிறது. குழாயில் நீர் ஏறியதை நான் கண்ணால் கண்டேன்.

இதுவரை மறுமொழி தந்தவர்களில் ஐந்து பேர் ‘வளிபோக்கி’ என்கிறீர்கள். அவர்களில் இருவர், களைத்துப்போய்த்தான் சம்மதிப்பதாகத் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். காலதருக்கு ஐயா ஒருவர், பூப்பிளவுக்கு ரீச்சர் ஒருவர். கைநூலில் ‘வளிபோக்கி’, ‘வளியேந்தி’ என்ற இரண்டும் ஒற்று மிகாமல் போகின்றன; பொனற் பொனற்றாகவே இருக்கும். சுன்னாகத்து அண்ணை சொன்ன உட்சட்டம், தகரத் தட்டு, துரு ஆகியவற்றுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

மீனின் படத்தை ரீச்சரிடம் கேட்டு வாங்கி, காரின் வெட்டுமுகப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று அதைப் பார்த்த அந்த மாணவர், வீட்டுக்குப் போய்த் தன் மாமாவின் பொனற்றிலுள்ள இரண்டு திறப்புகளையும் தகரம் வைத்து ஒட்டி அடைக்கப்போவதாகச் சொன்னார். முன்பக்கத்தில் எங்கே வெட்டுவது என்று சனிக்கிழமை குழாயுடன் ஓடிப் பார்க்கிறோம்.

கோண்டாவில்