மேலத்தெரு வீடு (குடும்ப அரட்டைக் குழு): குமார் பந்து எறியும் வாரம்

புதன், 11 செப்டம்பர் 2024

செல்வி (இரவு 8:52): ஞாயிறு கயல் வளைகாப்பு காலை 10:30 என்றே வைத்துக்கொள்ளலாமா, பெரியப்பா? அகிலனுக்குச் சனிக்கிழமை இரண்டு பேஸ்பால் ஆட்டம். ஜெயித்தால் ஞாயிறு காலை 9 மணிக்கு இறுதி ஆட்டம். அவன்தான் பந்து எறிகிற பிட்சர்.

செல்வி: இன்னொன்று. நேற்று ஆட்டம் முடிந்ததிலிருந்து அவனுக்கு வலது முழங்கை வலிக்கிறது.

கயல்: அக்கா, என்ன ஆயிற்று?

சாந்தா அத்தை: வீக்கம் உண்டா

செல்வி: இல்லை அத்தை. கையை முழுதாக நீட்டினால்தான் வலி. பயிற்சியாளர், ஐஸ் வையுங்கள், சனிக்கிழமை வரட்டும் என்கிறார்.

பிரபு: சாதாரண வலிதான். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ராமநாதன் பெரியப்பா: உள்பக்கமா, வெளிப்பக்கமா?

செல்வி: உள்பக்கம். எலும்பு துருத்தும் இடம்.

ராமநாதன் பெரியப்பா: நேற்று எத்தனை பந்து எறிந்தான்?

செல்வி: ஸ்கோர் எழுதுபவரிடம் கேட்டேன். 71.

ராமநாதன் பெரியப்பா: பிட்சராக நின்ற பிறகு?

செல்வி: மிச்ச ஆட்டம் பந்தைப் பிடிக்கிற கேட்சர்.

ராமநாதன் பெரியப்பா: ஐயோ.

கார்த்திக்: மாமா தட்டச்சு செய்கிறார். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

ராமநாதன் பெரியப்பா: பிரபு, செல்வி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' விதிகள் இருக்கின்றன. 13, 14 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 66 பந்தை எட்டினால் நான்கு நாள் ஓய்வு. எறியாத நேரத்தில் கேட்சராக நிற்கக் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்துகொண்டே இருக்கிறான். ஒரே சமயத்தில் இரண்டு அணிக்கு ஆடக் கூடாது. ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் பிட்சராக எறியக் கூடாது. அகிலன் இதில் எதைக் கடைப்பிடித்திருக்கிறான்?

பிரபு: செவ்வாய் எறிந்தான். புதன், வியாழன், வெள்ளி, சனி. நான்கு நாள் ஆகிவிடுகிறதே மாமா. சனிக்கிழமை வேறு பையன் எறியட்டும். ஞாயிறு இவன் எறியலாம்.

ராமநாதன் பெரியப்பா: வலி இல்லாத கைக்குத்தான் அந்தக் கணக்கு.

சாந்தா அத்தை: வளையல் யார் வாங்குகிறீர்கள்? நான் இங்கிருந்து அனுப்பினால் ஞாயிற்றுக்குள் வந்து சேராது.

கயல்: அத்தை, அம்மா பார்த்துக்கொள்கிறாள். நாற்காலிதான் பாக்கி. சதுர்த்திக்கு வாங்கிப்போன 12 மடக்கு நாற்காலியும் பிரபு அத்தான் வீட்டில் இருக்கின்றன.

பிரபு: 8 தான் இருக்கின்றன.

கயல்: 12.

ராமநாதன் பெரியப்பா: நாற்காலியை அப்புறம் பார்ப்போம். நாளை இரவு சியாட்டிலில் குமார் ராக்கர் முதன்முறையாக மேஜர் லீக்கில் எறியப்போகிறார். சாந்தா, டிக்கெட் எடுத்துவிட்டாயா?

சாந்தா அத்தை: எடுத்துவிட்டேன் அண்ணன். தனியாகத்தான் போகிறேன். அவருக்கு அலுவலகம்.

பிரபு: மாமா, போன வருடம் சார்லட் கல்யாணத்துக்குப் போன இடத்தில் இதே குமாருக்காக ஹிக்கரி ஊரின் மைனர் லீக் ஆட்டத்துக்கு, அந்தக் கீழ்நிலை லீக்குக்கு, பதினோரு டிக்கெட் எடுத்தீர்கள். குமார் வரவே இல்லை. வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

கார்த்திக்: அந்த மைதானத்தில் வேர்க்கடலை நன்றாக இருந்தது.

ராமநாதன் பெரியப்பா: அதையேதான் நான் சொல்ல வருகிறேன் பிரபு. அவர் ஏன் வரவில்லை? முழங்கை. அகிலனுக்கு வலிக்கிற அதே உள்பக்கம்.

முருகேசன் (காலை 7:48 இங்கே இந்தியாவில்): என்ன விஷயம்? இப்போதுதான் எழுந்தேன். அகிலனுக்கு என்ன?

செல்வி: முழங்கை வலி அப்பா. மேலே படியுங்கள்.

முருகேசன்: குமார் யார்? நம் ஊர்ப் பிள்ளையா?

ராமநாதன் பெரியப்பா: அம்மா பெயர் லலிதா. அவரைப் பெற்றவர்கள் இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள். அப்பா ட்ரேசி ராக்கர், அமெரிக்கக் கால்பந்தில் பெரிய வீரர். குமார் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக, 2019இல், டியூக் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது அடிக்க விடாமல் வெளியேற்றினார். அவருடைய ஸ்லைடர் என்ற பந்து, அடிப்பவர் நிற்கும் தட்டுக்கு அருகே வந்து படியிறங்குகிற மாதிரி விழும். அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் பத்தாவதாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு கையைக் காரணம் காட்டி ஒப்பந்தமே போடவில்லை. அந்த செப்டம்பரில் தோளில் அறுவை. அடுத்த ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில், எந்தப் பெரிய அணியையும் சேராத லீக்கில், ஐந்து ஆட்டம் எறிந்து காட்டினார். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாகவே எடுத்துக்கொண்டது. 2023இல் ஹிக்கரியில் ஆறு ஆட்டம், 28 இன்னிங்ஸ், 42 ஸ்ட்ரைக்அவுட். இனி நிறுத்த ஆளில்லை என்று நினைத்த வாரத்தில் முழங்கைத் தசைநார் போய்விட்டது. மே மாதம் டாமி ஜான் அறுவை.

சாந்தா அத்தை: பாவம் பிள்ளை

முருகேசன்: நடராஜன் மாதிரி. நெட்டில் பந்து போடப் போனவர், அதே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இறங்கினார். சில மாதத்தில் முழங்கால் அறுவை.

கார்த்திக்: சித்தப்பா எங்கே சுற்றினாலும் கிரிக்கெட்டுக்கு வந்துவிடுவார் என்று அம்மா சொல்வாள்.

சாந்தா அத்தை: அவன் உனக்கு மாமா. சித்தப்பா இல்லை. எத்தனை முறை சொல்வது.

கார்த்திக்: மன்னிக்கவும், மாமா.

முருகேசன்: முன்பு இங்கிருந்து இரண்டு பையன்கள் பேஸ்பாலுக்குப் போனார்களே, அண்ணன்?

ராமநாதன் பெரியப்பா: ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. தினேஷை 2010இல் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு 2012இல் மேற்கு வர்ஜீனியா வரை ஏறினார். பிறகு அவருக்கும் கைதான்.

செல்வி: டாமி ஜான் அறுவை என்றால் என்ன செய்வார்கள் பெரியப்பா? பயமாக இருக்கிறது.

ராமநாதன் பெரியப்பா: பயப்படாதே, அகிலனுக்கு அது என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உள்பக்கத்தில் சேர்த்துப் பிடிக்கும் தசைநார் கிழிந்தால், முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு தசைநாண் எடுத்து, எலும்பில் துளை போட்டு, கட்டிலுக்குக் கயிறு கோப்பது போலக் கோத்துவிடுவார்கள். 1974இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாட்ஜர்ஸ் அணியின் டாமி ஜானுக்கு முதலில் செய்தார். 1976இல் திரும்பி வந்தவர் 1989 வரை எறிந்தார். ஆனால் 13 வயதில் தசைநாரைவிட எலும்பின் வளரும் பகுதிதான் மெலிந்தது. இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கேதான் விரிசல் விடும். அதை 'லிட்டில் லீக் எல்போ' என்பார்கள். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கொடுக்காவிட்டால்தான் சிக்கல்.

பிரபு: இறுதி ஆட்டம் மாமா. ஆறு மாதம் உழைத்திருக்கிறான். அவனே எறிகிறேன் என்கிறான்.

ராமநாதன் பெரியப்பா: ஜாக் லைட்டரைப் பார். குமாருடன் அதே கல்லூரியில் எறிந்தவர். 2021இல் இரண்டாவதாக நம் ரேஞ்சர்ஸ் எடுத்தது. இந்த ஏப்ரலில் டெட்ராய்டில் முதல் ஆட்டம், நான்கு இன்னிங்ஸ்கூட முடிக்கவில்லை, 7 ரன் கொடுத்தார். திரும்ப ரவுண்ட் ராக் மைனர் லீக் அணிக்கு. யாருக்கும் அவசரமில்லை. ஃபிரிஸ்கோ மைனர் லீக் அணியில் நாம் பார்த்த எவான் கார்ட்டர் போன அக்டோபரில் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் ஆடினார். இந்த மே மாதம் முதுகு வலியோடு உட்கார்ந்தவர் இன்னும் திரும்பவில்லை. தினமும் காலையில் காபியோடு நான் முதலில் பார்ப்பது மைனர் லீக் காயப் பட்டியலைத்தான். அதிலிருக்கும் ஒவ்வொரு பையனும் தன் அப்பாவிடம் எறிகிறேன் என்று சொன்னவன்தான்.

கார்த்திக்: இந்த வருடம் லைட்டரை இங்கே ரவுண்ட் ராக் டெல் டயமண்ட் மைதானத்தில் பார்த்தேன். நன்றாக எறிந்தார்.

ஆச்சி: (குரல் செய்தி 0:52)

கயல்: யாராவது எழுதுங்கள், மருத்துவமனை வரிசையில் இருக்கிறேன்.

செல்வி: ஆச்சி சொல்கிறாள்: "வலிக்கிற கையை வைத்துக்கொண்டு பிள்ளை எதற்கு எறிய வேண்டும்? முருகேசன் கையைக் கெடுத்தது போதாதா? ராமநாதனைக் கேளுங்கள், அவனுக்குத் தெரியும்."

செல்வி: அப்பா கையா? மாடிப்படியில் விழுந்தது என்றுதானே சொன்னீர்கள்?

ராமநாதன் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சாந்தா அத்தை: அண்ணன், அழிக்க வேண்டாம். சொல்லிவிடுங்கள்.

ராமநாதன் பெரியப்பா: செல்வி, உன் அப்பா கல்லூரியிலேயே வேகமான பந்துவீச்சாளன். 1985. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம். நான் அணித்தலைவன். மதியத்துக்கு மேல் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பந்தை அவன் கையிலேயே கொடுத்தேன். 19 ஓவர். ஜெயித்தோம். அதற்குப் பிறகு அவன் ஓடி வந்து பந்து போட்டதை நான் பார்க்கவில்லை. இன்றும் அவன் கொடியில் வேட்டி காயப்போடுவது இடது கையால்.

(எட்டு நிமிடம் யாரும் எழுதவில்லை.)

முருகேசன்: பழைய கதை அண்ணன். நீங்கள் பந்தைக் கொடுத்தீர்கள். நானும் வலி இல்லை என்று சொல்லித்தானே வாங்கினேன். அதற்கு முந்திய பத்து நாளும் வலித்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவீர்கள் என்று பயம்.

முருகேசன்: செல்வி, அகிலனிடம் எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேள். திட்டாமல் கேள்.

செல்வி (இரவு 9:56): மூன்று வாரம்.

செல்வி: மூன்று வாரமாம். தூங்கும்போது தலையணைக்கு அடியில் ஐஸ் பை வைத்திருக்கிறான். எனக்குத் தெரியவே இல்லை.

பிரபு: என்னிடமும் சொல்லவில்லை.

பிரபு: வெள்ளிக்கிழமை காலை 8:15க்குக் குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் நேரம் கிடைத்தது. நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை அதற்குப் பிறகு முடிவு செய்வோம்.

ராமநாதன் பெரியப்பா: நல்லது பிரபு.

வியாழன், 12 செப்டம்பர்

சாந்தா அத்தை (மாலை 6:31 இங்கே): உட்கார்ந்துவிட்டேன். மிக உயரத்தில். குளிர்கிறது.

ராமநாதன் பெரியப்பா: குமார் தெரிகிறாரா?

சாந்தா அத்தை: பெரிய பிள்ளை. நல்ல உயரம்.

ராமநாதன் பெரியப்பா: ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையை உதறுகிறாரா என்று பார். முழங்கையைத் தொடுகிறாரா?

சாந்தா அத்தை: இங்கிருந்து எனக்கு முழங்கை எப்படித் தெரியும் அண்ணன். நீங்கள் தொலைக்காட்சியில் பாருங்கள்.

கார்த்திக்: மைனர் லீக்கில் இந்த ஆண்டு 36 இன்னிங்ஸ் சொச்சத்தில் 55 ஸ்ட்ரைக்அவுட். அறுவைக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் கழித்து வந்தவர்.

செல்வி: அகிலன் என் பக்கத்தில்தான் இருக்கிறான். பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

முருகேசன்: எங்களுக்கு வெள்ளி காலை. ஆச்சியும் பார்க்கிறாள். எது நம் ஆள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சாந்தா அத்தை: மறுபடி ஒருவர் அவுட். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் எதிரணிக்காரர்கள். நான் மட்டும் கைதட்டுகிறேன்.

ராமநாதன் பெரியப்பா: நான்கு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக்அவுட், ஒரே ரன். அதோடு எடுத்துவிட்டார்கள். சரியாகச் செய்தார்கள். இவ்வளவு நன்றாக எறிகிறவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொள்ள மனம் வேண்டும்.

செல்வி: பெரியப்பா, அகிலன் கேட்கிறான். அவர் திரும்பி வருவோம் என்று நம்பினாரா என்று.

ராமநாதன் பெரியப்பா: நேரில் சொல்கிறேன் என்று சொல். ஞாயிறு அவன் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

வெள்ளி, 13 செப்டம்பர்

செல்வி (காலை 9:40): எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு கையையும் எடுத்து ஒப்பிட்டார்கள். வலது பக்கம் எலும்பு வளரும் இடத்தில் இடைவெளி கொஞ்சம் அகன்றிருக்கிறது. அறுவை வேண்டாம். ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக.

சாந்தா அத்தை: முருகா

கயல்: அக்கா, நல்லவேளை.

பிரபு: பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை. ஆட்டத்துக்காவது வருவானா என்று கேட்டார். அகிலன் ஸ்கோர் எழுதுகிறேன் என்கிறான். மற்ற பையன்கள் எத்தனை பந்து எறிகிறார்கள் என்று எண்ண வேண்டுமாம்.

ராமநாதன் பெரியப்பா: எண்ணட்டும்.

கயல்: அப்படியானால் ஞாயிறு 9 மணிக்கு எல்லோரும் மைதானத்திலா? வளைகாப்பு 10:30க்கா? புரட்டாசி பிறப்பதற்குள் இந்த ஒரு ஞாயிறுதான் இருக்கிறது.

ராமநாதன் பெரியப்பா: நாளை ஜெயிக்கட்டும், பார்ப்போம். 11 என்று வைத்துக்கொள்ளலாம்.

கயல்: அம்மா 10:30 என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

பிரபு: நாற்காலி 8 தான். மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

ஆச்சி: (குரல் செய்தி 0:09)

முருகேசன்: அம்மா அகிலனிடம் பேச வேண்டும் என்கிறாள். எனக்கும் அவனிடம் பேச வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் கூப்பிடச் சொல். எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.