பதினோரு வார லேப் குட்டி: வெளியே எப்போ விடலாம்? கடி, ஒண்ணுக்கு எப்படி நிறுத்துறது?

கொளத்தூர் மாடிவீடு:
வணக்கம். லாப்ரடார் நாய், பெண் குட்டி, பதினோரு வாரம். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் ஊசி போட்டாச்சு, அடுத்தது இந்த வாரம். எல்லா ஊசியும் முடியுற வரைக்கும் வாசல் தாண்டக்கூடாதுன்னு சிலர் சொல்றாங்க, இப்பவே பழக்கலைன்னா கெட்டுதுன்னு சிலர். ஹால்ல ஒரே மூலையில ஒண்ணுக்குப் போறா, ஃபினாயில் போட்டுத் துடைச்சாலும் மறுபடி அங்கேயேதான். கை, கால், லுங்கி நுனி எதையும் விடாம கடி. எட்டு வயசுப் பையன் சாயங்காலமானா கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேங்கறான்.

பெரம்பூர் பயிற்சி:
ரெண்டு பேர் சொன்னதும் சரிதான் சார். தரையில விடாதீங்க, ஆனா வெளியே தூக்கிட்டுப் போங்க.

பயம் பார்வோவுக்கு, அதாவது குட்டிக்கு வாந்தி, ரத்தபேதி வர வெச்சு உயிரையே எடுக்கிற வைரஸ் நோய்க்கு. அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், செருப்புல ஒட்டி மாடிக்கும் வரும். அதனால செருப்பு வாசலுக்கு வெளியவே இருக்கட்டும். தாய்கிட்ட இருந்து சீம்பால்ல வந்த எதிர்ப்புசக்தி உடம்புல இருக்கிற வரைக்கும் ஊசி மருந்தையும் அது முறியடிச்சிடும். அது எந்த வாரம் தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதுக்காகத்தான் மூணு நாலு வார இடைவெளியில திரும்பத் திரும்பப் போடறாங்க. பதினாறு வாரம் ஆனதும் போடற ஊசியைத் தவற விடாதீங்க. அது போட்டு ரெண்டு வாரம் கழிச்சு தெருவுல நடக்கலாம். வெறிநாய்க்கடி ஊசி மூணு மாசம் முடிஞ்சதும். அந்தச் சான்றிதழைப் பத்திரமா வைங்க, மாநகராட்சி உரிமத்துக்குக் கேப்பாங்க.

ஆனா புதுசா எதையும் பயமில்லாம ஏத்துக்கிற வயசும் பதினாலு வாரத்தோட குறைய ஆரம்பிச்சிடும். தோள்ல போட்டுக்கிட்டு குப்பை வண்டிப் பாட்டு, புல்லட் சத்தம், ஹெல்மெட் போட்ட டெலிவரி ஆள், குடை விரியறது எல்லாம் தினமும் பத்து நிமிஷம் காட்டுங்க. பட்டாசு சத்தத்தை போன்ல ரொம்ப மெதுவா வெச்சு சாப்பாட்டு நேரத்துல ஓட விடுங்க. சாப்பிடறதை நிறுத்தினா சத்தம் அதிகம்னு அர்த்தம்.

ஒண்ணுக்கு விஷயம்: இந்த வயசுல மூணு மணி நேரத்துக்கு மேல அடக்கவே முடியாது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்ட கால் மணி நேரத்துல, விளையாட்டு நடுவுல மோந்துக்கிட்டே சுத்த ஆரம்பிச்சா, இந்த மூணு நேரமும் தூக்கிடுங்க. ரெண்டு மாடி இறங்கறதுக்குள்ள விட்டுடுவா, அதனால பால்கனில ஒரு ட்ரே, அதுல செயற்கைப் புல். முடிச்ச அந்த நொடியே ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன். ஃபினாயில் வாசனையை மறைக்குமே தவிர எடுக்காது. டைல்ஸ் இடுக்கு சிமென்ட்ல இறங்கினது அப்படியே இருக்கும். செல்லப்பிராணி கடையில என்சைம் கிளீனர் கேட்டு வாங்கி, இடுக்குல ஊத்தி, பத்து பதினைஞ்சு நிமிஷம் ஊறவிட்டுத் துடைங்க. மூக்கைப் பிடிச்சு அதுல தேய்க்கவே கூடாது, ஒளிஞ்சு போகத்தான் கத்துக்கும்.

கடி: 28 பால் பல்லும் நாலாவது மாசத்துல இருந்து விழுந்து, ஆறு ஏழு மாசத்துக்குள்ள 42 பல் வந்துடும். அதுவரைக்கும் ஈறு அரிக்கும். பழைய துண்டை நனைச்சு முறுக்கி ஃப்ரீசர்ல வெச்சுக் குடுங்க. பல் பட்டா கையை வெடுக்குனு இழுக்காதீங்க, இழுத்தா அது விளையாட்டுன்னு நினைக்கும். கை கட்டி அசையாம நில்லுங்க, விட்டதும் பொம்மையைக் குடுங்க. பையனுக்கும் இதையே சொல்லிக் குடுங்க: ஓடாதே, கத்தாதே. சாயங்கால வெறி பெரும்பாலும் தூக்கக் குறைவுதான். குட்டிக்கு ஒரு நாளைக்கு பதினெட்டு மணி நேரத் தூக்கம் வேணும். ஏழு மணிக்குச் சின்ன வேலித் தடுப்புக்குள்ள விட்டு விளக்கை அணைச்சிட்டா பாதிக் கடி குறையும்.

அடையாறு நாய்வளர்ப்பு:
ரெண்டு சேர்க்கறேன். கால்சியம் டானிக் யார் சொன்னாலும் குடுக்காதீங்க. குட்டிகளுக்கான நல்ல உணவு போடறீங்கன்னா, கூடுதல் கால்சியம் பெரிய இனக் குட்டியோட எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வழவழ டைல்ஸ்ல ஓடற பாதையில ரப்பர் மிதியடி போடுங்க. படி இறங்க இப்போதைக்குத் தூக்கிட்டுதான் போகணும். வெங்காயம் பூண்டு போட்ட சாம்பார் சாதம், திராட்சை போட்ட பாயசம், வெந்த எலும்பு மூணும் ஆகாது.

அப்புறம் உண்ணி. தினமும் காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில விரலால தடவிப் பாருங்க. நம்ம ஊர்ல வருஷம் முழுக்க இருக்கும். நாயை விட்டு இறங்கி சுவர் வெடிப்புல முட்டை போடும், அதனால நாய்க்கு மட்டும் மருந்து போட்டா திரும்ப வரும். சோர்வு, காய்ச்சல், சாப்பிடாம கிடக்கறது, ஈறு வெளுப்பு இருந்தா அன்னைக்கே ரத்தப் பரிசோதனை. ரத்தத்துல தட்டணு (பிளேட்லெட்) குறைஞ்சிருந்தா உண்ணிக் காய்ச்சலைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில காட்டலாம், காலையிலயே போயிடுங்க. மழை மாசத்துல தேங்கின தண்ணியை நக்க விடாதீங்க, எலி மூத்திரம் வழியா லெப்டோங்கற எலிக்காய்ச்சல் வரும்.

கொளத்தூர் மாடிவீடு:
ரொம்ப நன்றி. ஆறு மாசம் தாண்டினா நிம்மதியா?

பெரம்பூர் பயிற்சி:
இல்லை சார், கஷ்டமான கட்டமே அப்பதான். நிறைய பேர் நாயைக் கொண்டுபோய் விடறதும் அந்த வயசுலதான், அதனால இப்பவே தெரிஞ்சுக்குங்க. ஆறுல இருந்து பதினெட்டு மாசம் வரைக்கும் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்காது. அஞ்சு மீட்டர் கயிறு கட்டி கூப்பிடுங்க, வந்தா தின்பண்டம் குடுத்துட்டு மறுபடி விளையாட விடுங்க. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு இழுத்துட்டுப் போனா வரவே மாட்டா. கத்திரி வெயில்ல காலை ஆறரைக்குள்ள நடையை முடிச்சிடுங்க. சாயங்காலம் புறங்கையைத் தார்ல அஞ்சு நொடி வைக்க முடியலைன்னா அவளோட பாதமும் தாங்காது.

பெண் குட்டிங்கறதால இன்னொண்ணு. கருத்தடை எப்போன்னு ஆறாவது மாசமே மருத்துவர்கிட்ட பேசுங்க. அதுக்கு முன்னாடி முதல் பருவம் வந்துட்டா மூணு வாரம் கீழே தெரு நாய் கூடும். ரத்தம் வெளிறி குறையும்போதுதான் கரு பிடிக்கிற நாள் ஆரம்பிக்கும், முடிஞ்சதுன்னு நினைச்சு கயிறை விட்டுடாதீங்க.