வரம்பு முடிந்த பிறகும் தூண்டில் போடலாமா?

முட்டுக்காடு தூண்டில்:
என் தம்பி கனடாவில், ஒண்டாரியோவில் இருக்கிறான். அங்கே பல ஏரிகளில் முழு உரிமம் வைத்திருப்பவர் ஒரு நாளைக்கு 4 வால்ஐ (walleye என்கிற நன்னீர் மீன்) வரை எடுத்துக்கொள்ளலாம், அதுதான் வரம்பு. இவன் காலை ஒன்பது மணிக்கே நாலையும் பிடித்துவிட்டு, சாயங்காலம் வரை பிடிப்பதும் விடுவதுமாக இன்னும் பதினொன்று பிடித்தானாம். விட்டுவிட்டால் கணக்கில் வராது என்கிறான். எனக்கும் இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. நானே முட்டுக்காட்டில் கொடுவா பிடித்து விடுகிற ஆள்தான்.

காசிமேட்டுக்காரன்:
கோபித்துக்கொள்ளாதே தம்பி. குழம்புக்கு மீன் கிடைத்தாச்சு, அப்புறமும் அதன் வாயில் முள்ளைக் குத்திக் குத்தி எடுப்பதற்கு என்ன பேர்? மீன்பாடு இல்லாமல் டீசல் காசுக்கே கடன் வாங்கிக் கரை திரும்புகிறவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான்.

ரூல்ஸ் மாமா:
இருங்க, சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒண்டாரியோவில் வரம்பு முடிந்த பிறகும் தூண்டில் போடலாம். ஆனால் அந்த இனத்தில் அதற்கப்புறம் மாட்டுவதை உடனே, பிழைக்கும் நிலையில் தண்ணீரில் விட்டாக வேண்டும். பிழைக்காத நிலையில் இருந்தால் அது வரம்பு மீறல், வழக்கு வரும். கரையிலேயே பொரித்துத் தின்றதும் பக்கத்து ஆளுக்குக் கொடுத்ததும் கூட அந்த நாலில்தான் சேரும். பெரிய மீன் மாட்டினால் படகுத் தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு இருக்கும் சின்னதை விட்டுவிட்டு மாற்றிக்கொள்வதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் மினசோட்டாவில், வரம்பு நிரம்பிவிட்டால் அந்த மாற்றும் வேலையே கூடாது.

முட்டுக்காடு தூண்டில்:
பார்த்தீங்களா அண்ணே, சட்டமே அனுமதிக்கிறது!

காசிமேட்டுக்காரன்:
பிழைக்கிற மாதிரி என்று மாமா சொன்னாரே, அதை மட்டும் தாண்டிப் போய்விட்டாய். ஆழத்திலிருந்து ஏற்றிய கலவாவைப் பார்த்திருக்கிறாயா? உள்ளே காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வரும், கண் ரெண்டும் வெளியே தள்ளியிருக்கும். அதைக் கடலில் விட்டால் மல்லாந்து மிதக்கும், அப்புறம் பருந்துக்குத் தீனி. விட்டேன் என்று நீ போட்டோ போடலாம், அவ்வளவுதான்.

முட்டுக்காடு தூண்டில்:
முட்டுக்காட்டில் அவ்வளவு ஆழம் ஏது? முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் போடுகிறேன், கையை நனைக்காமல் மீனைத் தொடுவதில்லை, மேலே இருக்கிற வழவழப்பு போய்விட்டால் அதற்கு நோய் வரும் என்பதும் தெரியும். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவை படம் எடுக்கிறேன் என்று நாலு பேர் கை மாறிய கொடுவா, விட்ட பிறகு செவுள் மட்டும் லேசாக அசைந்தபடி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. திரும்ப எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். சாப்பிட மனசு வரவில்லை. (அம்மா சாப்பிட்டாள்.)

பழவேற்காட்டு மருமகள்:
எங்கள் ஏரியில் பாடு முறை இருக்கிறது. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று தலைக்கட்டுகளுக்குள் முறை வைத்து நடக்கும். உங்கள் முறை இல்லாத நாளில் வலையோடு போய் நின்று, சும்மா பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பாருங்களேன்.

முட்டுக்காடு தூண்டில்:
அக்கா, அது இடத்துக்கான முறை, இது எண்ணிக்கை. ரெண்டும் ஒன்றா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுதான் நிற்கிறது, நாட்டுப்படகு போகிறதே. எல்லா விதியிலும் ஒரு அளவு இருக்கத்தான் செய்கிறது.

காசிமேட்டுக்காரன்:
அந்த 61 நாளும் விசைப்படகுக்காரன் யாரும் பிடித்து விடுகிறேன் என்று கிளம்புவதில்லை தம்பி. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறான்.

முட்டுக்காடு தூண்டில்:
தம்பிக்கு இதையெல்லாம் அனுப்பினேன். பதினொன்றில் ரெண்டு மல்லாந்ததாம், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து நீந்திப் போய்விட்டதாம். அப்போ பிழைத்ததாகத்தானே அர்த்தம்?

ரூல்ஸ் மாமா:
முதல் மீன் மல்லாந்தபோதே கம்பைச் சுருட்டியிருக்கணும். ரெண்டாவதுக்கு ஏன் போட்டான் என்று கேளுங்க.