ஹஸார்ட், றிஸ்க்: இரண்டுக்கும் ‘அபாயம்’ பொருந்துமா?

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு,

அனர்த்த முகாமைத்துவக் கலைச்சொற்களில் ‘ஹஸார்ட்’ (hazard), ‘றிஸ்க்’ (risk) ஆகிய இரண்டையும் ‘அபாயம்’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. முன்னது தீங்கு செய்யவல்ல நிகழ்வை அல்லது பொருளைக் குறிக்கிறது; பின்னது, அதன் எல்லைக்குள் யார் இருக்கிறார்கள், எவ்வளவு தாங்கும் வலுவோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நேரக்கூடிய இழப்பையும் அது நேர்வதற்கான சாத்தியத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நடுக்கடலில் சுழன்றபோதே ஹஸார்ட்தான்; கரையில் கிடுகுக் கூரைகளும் தென்னந்தோட்டங்களும் இருந்தமையே றிஸ்க்கை உண்டாக்கியது.

எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகும்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளத்தின் மட்டமே இறங்குகிறது, ஹஸார்ட்டே தணிகிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒருவர் தம் வீட்டு அத்திவாரத்தை உயர்த்திக் கட்டினால், வெள்ளம் வந்தபடியே வரும். அவருடைய றிஸ்க் மட்டும் குறையும். இரண்டு வேலைகளையும் ‘அபாயக் குறைப்பு’ என்று எழுதினால், நிதி எதற்குக் கேட்கப்படுகிறது என்பதை வாசிக்கும் உத்தியோகத்தர் எவ்வாறு அறிவார்? 2004 டிசம்பரில் கல்முனை, மருதமுனை, காரைதீவுக் கரைகளை அழித்த கடற்கோளை எவராலும் தணித்திருக்க முடியாது. முன்னெச்சரிக்கையும் வெளியேறும் பாதையும் றிஸ்க்கைக் குறைக்கும் வழிகள். அவை இருந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும்.

‘ஹஸார்ட்’டுக்கு ‘இடர்’ என்று மட்டும் வைக்கலாம் என்ற யோசனையும் எனக்கு நிறைவளிக்கவில்லை. தமிழில் இடர் என்பது மனிதர் படும் துன்பம். இடர் களைதல், இடருறுதல் என்னும் வழக்குகள் அதைத்தான் காட்டுகின்றன. வயல்வெளியில் விழும் மின்னலை இடர் என்பது பொருந்தாது. அது இடருக்குக் காரணமாகக் கூடியது. ஆகவே ‘ஹஸார்ட்’டுக்கு ‘இடர்மூலம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘றிஸ்க்’குக்கு நிதித்துறையில் ஏற்கெனவே வழங்கும் ‘இடர்நேர்வு’ போதுமானது. நேர்தல் என்ற வினை அதிலே இருப்பதால், வரக்கூடியது என்ற குறிப்பும் கிடைக்கிறது. வெள்ளம், மின்னல், பாம்பு, இரசாயனக் கசிவு யாவும் இடர்மூலங்களாகும். இடர்மூல வரைபடம், இடர்நேர்வு மதிப்பீடு எனக் கூட்டுச்சொற்களும் இடறலின்றி அமைகின்றன.

‘மூலம்’ ஒரு நோயின் பெயராகவும் இருப்பதால் ஒலிபெருக்கி அறிவித்தல்களில் தடுமாற்றம் வருமா என்பதே எனக்குள்ள ஒரே தயக்கம். கிராமங்களில் முன்னெச்சரிக்கைப் பணி செய்வோர் இதுபற்றித் தம் கருத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.