டேஷிங் காரில் கழுத்து போனவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

புதுக்கோட்டைவாசி:
போன சித்திரையில் நடந்தது, இன்னும் மனதை அரிக்கிறது. பொருட்காட்சி, டேஷிங் கார், பக்கத்தில் ஆறு வயது மகள். ரோலர் கோஸ்டர் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆள் நான். இது குழந்தைகள் சமாச்சாரம்தானே என்று ஏறினேன். "அப்பா, அம்மா போட்டோ எடுக்கிறாங்க" என்றாள். தலையைத் திருப்பிச் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு காலேஜ் பையன் இடித்தான். காதுக்குக் கீழே "டக்". அப்போது வலியே இல்லை. இன்னொரு ரவுண்டு வேறு போனேன்! மறுநாள் காலை பல் தேய்க்கக் குனிந்தவன் நிமிர முடியவில்லை. பைக் ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. நான் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறேன், அந்தப் பையனின் கார் ஒரு முழம் பின்னால்.

சேலத்து மாம்பழம்:
எனக்கு இடுப்பு. ஆபீஸ் டூர், வாட்டர் ஸ்லைடு. படுத்தபடியே வர வேண்டும், கை நெஞ்சின் மேல், கால் மேல் கால் என்று மேலே நின்ற பையன் சொல்லித்தான் விட்டான். இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்க்கப் பாதியில் எழுந்து உட்கார்ந்தேன். சறுக்கு மேடு தட்டுகிற இடத்தில் உடம்பு எழும்பி, தொம்மென்று உட்கார்ந்தது. வால் எலும்பிலிருந்து பிடரி வரை கரண்ட் அடித்த மாதிரி. கீழே எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வர வேனில் ஐந்து மணி நேரம், அதுவும் கடைசி சீட். எக்ஸ்ரேயில் எல்1 கட்டை (இடுப்புப் பக்க முதுகெலும்பில் முதல் எலும்பு) முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. மூன்று மாதம் பெல்ட்.

கிண்டி இன்ஜினியர்:
இரண்டு பேருமே சரியாக உட்காரவில்லை, அப்புறம் ரைடைக் குறை சொன்னால் எப்படி? எனக்கும் ஒரு கோஸ்டரில் தோள்கம்பி இரண்டு காதிலும் மாறி மாறி அறைந்திருக்கிறது. விஷயம் இதுதான். பெரியவர்கள் தலை நாலரை, ஐந்து கிலோ. நாலு ஜி விசையில், அதாவது எடை நாலு மடங்காகத் தெரியும் நேரத்தில், கழுத்து தாங்குவது இருபது கிலோ. 1895ல் நியூயார்க் கோனி ஐலண்டில் ஃப்ளிப் ஃப்ளாப் என்று ஒரு கோஸ்டர் இருந்தது, தலைகீழாகச் சுற்றிவரும் லூப் அதில் முழு வட்டம். வண்டி அதிக வேகத்தில் இருக்கும் அடிப்பக்கத்திலேயே திடீரென்று வளைவு ஆரம்பித்துவிடும். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். 1976ல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டனில் ரெவல்யூஷன் வந்தபோதுதான் லூப்பைக் கண்ணீர்த்துளி வடிவத்தில் போட்டார்கள், கீழே அகலம், மேலே குறுகல். இப்போதைய லூப்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாம் செய்ய வேண்டியது: இடுப்பைச் சீட்டின் ஆழத்தில் ஒட்டி உட்காருங்கள். பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள். தலையை ஹெட்ரெஸ்டில் சாய்த்து, கண்ணை மூடாமல் தண்டவாளத்தைப் பாருங்கள். வளைவு வருவது தெரிந்தால் கழுத்துத் தசை முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். கடைசி வரிசை வேண்டாம், இறக்கத்தில் சுண்டி இழுப்பது அங்கேதான். பக்கத்து ஆளைப் பார்த்துக் கத்த வேண்டாம். செல்ஃபி கூடவே கூடாது.

மதுரை மல்லி:
இன்ஜினியர் சார், பாடம் கேட்டது யார்? எனக்கு ஏற்கெனவே கழுத்து டிஸ்க் பிரச்சினை உண்டு. "கழுத்து, முதுகு வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஏறக் கூடாது" என்ற போர்டைப் பையனுக்கு நானே வாசித்துக் காட்டினேன். காட்டிவிட்டு ஏறினேன்! ஒரே டிக்கெட்டில் எல்லா ரைடும், விட மனசு வரவில்லை. கொலம்பஸ் என்கிற ஊசலாடும் கப்பல், ஓரத்து வரிசை, மேலே போய் நின்று இறங்கும்போது தலை மட்டும் தாமதமாக வந்த மாதிரி ஒரு உணர்வு. ராத்திரி பூ கட்ட உட்கார்ந்தால் நார் கையில் நிற்கவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. மாதம் ஆறாகிறது, இன்னும் கட்டை விரலில் பாதி உணர்வுதான்.

தென்காசி சாரல்:
இதற்கெல்லாம் ஸ்கேன் வேண்டாம் நண்பர்களே. சலூனில் கழுத்தை ஒரு திருப்பு திருப்பினால் சரியாகிவிடும், எனக்கு ஆனது.

வார்டு சிஸ்டர்:
சாரல் தம்பி, தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். அடிபட்ட கழுத்தைத் திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழியலாம். அபூர்வம்தான், ஆனால் பக்கவாதம் வரை போகும். ரைடிலேயேகூட அப்படி ஆனவர்கள் உண்டு. ஒரு பக்கமாகப் புதிதாகத் தலைவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தானாகப் போனாலோ, நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். இந்த அறிகுறிகள் நாலு நாள் கழித்து வந்தாலும் சரி. மல்லி அக்கா, விரல் விஷயத்தை எலும்பு டாக்டரிடமோ நரம்பு டாக்டரிடமோ காட்டினீர்களா?

மதுரை மல்லி:
அடுத்த வாரம் போகிறேன் சிஸ்டர். (போன வாரமும் இதைத்தான் சொன்னேன்.)

புதுக்கோட்டைவாசி:
எல்லோருக்கும் நன்றி. இந்த வருடப் பொருட்காட்சிக்கு மகள் இப்போதே நச்சரிக்கிறாள். இன்ஜினியர் சார், எல்லாம் சரி, ஆனால் நான் ஏறிய டேஷிங் காரில் சீட்டின் முதுகு தோள்பட்டை வரைதான் இருந்தது. ஹெட்ரெஸ்டுக்கு எங்கே போவேன்?