அப்பாவின் 300 படத் தகடுகள்: வைத்துக்கொள்வதா, இணையத்தில் வாங்கிக்கொள்வதா?

சேலத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம்.

என் தந்தைக்கு 74 வயது ஆகிறது. 2001 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் அவர் ஆசையாகச் சேர்த்த படத் தகடுகள் முந்நூறுக்கும் மேல் எங்கள் வீட்டு மர அலமாரியில் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவை விசிடி. மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற நாட்களில் வாரம் தவறாமல் வாங்கியவையும் அவற்றுள் அடக்கம். ப்ளூரே தகடுகள் ஏழெட்டுத்தான், அவையும் சிங்கப்பூரிலிருந்து என் அக்கா கொண்டுவந்தவை.

சென்ற மாதம் 55 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்றை வாங்கினோம். பழைய டிவிடி பிளேயரின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களைச் செருக அதில் இடமே இல்லை. இப்போது எல்லாப் படமும் ஓடிடியில் கிடைக்கிறது, தகடுகளைப் பழைய பொருட்களோடு போட்டுவிடுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். ஆனால் அப்பா கேட்ட பன்னிரண்டு படங்களைத் தேடிப் பார்த்தபோது, எங்களிடம் உள்ள மூன்று சந்தாக்களிலும் சேர்த்து ஐந்துதான் கிடைத்தன.

புதிய பிளேயர் வாங்கித் தகடுகளைத் தொடர்ந்து பயன்படுத்துவது நல்லதா, அல்லது பிடித்த படங்களை இணையக் கடைகளில் விலைகொடுத்து வாங்கிவிடுவது நல்லதா? அப்படி வாங்கும் படம் தகட்டைப் போல என்றைக்கும் நம்முடையதாக இருக்குமா? திருட்டுத் தரவிறக்கம் எங்கள் வீட்டில் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருப்பதால், அந்த வழியை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

ஒளிக்கற்றை

வணக்கம் நண்பரே. அலமாரியைக் காலி செய்யும் எண்ணத்தைச் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றவை எல்லாம் அதைச் சார்ந்தே நிற்கின்றன. இணையக் கடையில் “வாங்கு” என்ற பொத்தானை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது படத்தின் பிரதி அன்று, அந்தக் கடை வழியாகப் படத்தைப் பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. படத்தின் உரிமையாளருக்கும் கடைக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்துபோனால், பணம் கொடுத்த நம்மைக் கேட்காமலேயே படம் போய்விடக்கூடும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் விலைகொடுத்து வாங்கப்பட்டிருந்த, ‘ஸ்டூடியோ கனால்’ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படங்கள் 2022 ஆகஸ்டில் வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து இவ்வாறுதான் மறைந்தன. வாங்கிய படங்களை இணையத்தில் சேர்த்துவைக்க உதவிய அல்ட்ராவயலட் என்னும் சேவை 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டபோது, தங்கள் கணக்கை வேறு கடைகளோடு முன்கூட்டியே இணைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு வாங்கியவர்கள் தலையில்தான் விழுந்தது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பிறகு, விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சந்தா தளங்களில் நிலைமை இன்னும் உறுதியற்றது. ‘அன்னபூரணி’ படம் 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து நீக்கப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் படத்தைப் பற்றி ஒருவருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், நேற்று வரை பார்க்கக் கிடைத்த ஒன்று இன்று ஒரு முடிவினால் இல்லாமல் போகலாம் என்பது மட்டும் உண்மை. செயலிக்குள் தரவிறக்கி வைத்துக்கொள்வதும் இதற்கு மாற்று ஆகாது. அந்தக் கோப்பு பூட்டப்பட்டது, அந்தச் செயலிக்கு வெளியே ஓடாது, குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் காலாவதியாகும்.

தரத்தைப் பொறுத்தவரை, 4கே ஓடைக்கு, அதாவது இணையம் வழியே நேராக ஓடும் 4கே படத்துக்கு, வினாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. முழுக்க அதே வீதத்தில் ஓடினாலும் இரண்டரை மணி நேரப் படம் ஏறத்தாழ 17 ஜிபிக்குள் முடிந்துவிடும். 4கே ப்ளூரே தகடுகளோ 50, 66 அல்லது 100 ஜிபி கொள்ளளவு உடையவை. இருட்டுக் காட்சிகளிலும் மழைக் காட்சிகளிலும் இந்த வேறுபாடு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஒலியில் வேறுபாடு இன்னும் கூடுதல், ஏனெனில் ப்ளூரேயில் பெரும்பாலும் இழப்பில்லாத ஒலித்தடம் இருக்கும், ஓடையில் சுருக்கப்பட்டதுதான் வரும்.

கரிசல்காடு

நண்பர் ஒளிக்கற்றை சொன்ன உரிமை பற்றிய செய்திகள் சரியானவை. ஆனாலும் முந்நூறு தகடுகளையும் கட்டிக் காக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவை நம்மைக் கொண்டுபோவதில்லை என்று நினைக்கிறேன்.

விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. உங்கள் புதிய தொலைக்காட்சியின் திரையில் அதைப் போல 80 மடங்குக்கும் அதிகமான புள்ளிகள் இருக்கின்றன. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் நன்றாகத் தெரிந்த அதே தகடு, இதில் முகங்கள் கரைந்தும் கட்டம் கட்டமாகவும்தான் தெரியும். அதோடு, ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை மட்டுமே அடங்குவதால், 74 வயதான ஒருவர் ஒரு படத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ எழுந்துபோய்த் தகடு மாற்ற வேண்டியிருக்கும். ரிமோட்டை அழுத்தியதும் படம் ஓடும் வசதியை அவருக்குத் தருவதும் ஒரு மரியாதைதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஓப்போ நிறுவனம் 2018-இல் ப்ளூரே பிளேயர் தயாரிப்பதை நிறுத்தியது. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்கான புதிய பிளேயர்களைக் கைவிட்டது. தகடு பத்திரமாக இருந்தும் அதை ஓட்டக் கருவி கிடைக்காத நாள் வரக்கூடும். ஒருமுறை பார்த்துவிட்டு மறக்கும் படங்களுக்கு வாடகையே போதுமானது: பெரும்பாலான கடைகளில் 30 நாட்களுக்குள் தொடங்கி, தொடங்கியபின் 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கலாம். வருடத்துக்கு ஒருமுறையேனும் அப்பா எடுத்துப் பார்க்கும் படங்கள் எவை என்று அவரையே கேளுங்கள். ஐம்பதுகூடத் தேறாது என்பது என் கணிப்பு.

பல்லவி சரணம்

இரு நண்பர்களும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய தமிழ்ப் படத்தைப் பொறுத்தவரை, எந்த வடிவம் என்பதைவிட எந்தப் பிரதி என்பதே முக்கியம்.

நான் பழைய திரைப்பாடல்களைத் தேடிக் கேட்பவள். ஒரே படத்தின் ஒரு பிரதியில் இரண்டு பாடல்கள் இருக்கும், மற்றொன்றில் அவை வெட்டப்பட்டிருக்கும். நகைச்சுவைப் பகுதியையே தூக்கிவிட்ட பிரதிகளும் உண்டு. அகலத்திரைப் படங்களின் நிலை இன்னும் வருத்தமானது. 1973-இல் வெளியான ‘ராஜராஜ சோழன்’தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அந்த வகைப் படங்களைச் சதுரத் தொலைக்காட்சிக்காக இருபுறமும் நறுக்கிய பிரதிகளில், பேசுபவர் திரைக்கு வெளியே நிற்க, கேட்பவர் முகம் மட்டும் தெரியும். இப்போது இதற்கு நேர்மாறான கொடுமையும் நடக்கிறது. முன்பு சதுரமாக எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களை அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் நறுக்கி இணையத்தில் ஏற்றுகிறார்கள். நடனக் காட்சியில் பாதத்தை வெட்டிவிட்டால் அதில் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? உங்கள் தந்தையின் டிவிடியில் படம் முழுச் சட்டகத்தோடு இருக்குமானால், புள்ளிகள் குறைவாக இருந்தாலும் அதுவே மேலான பிரதி.

தகடு என்பதால் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் தயாரான டிவிடிகளில், வினாடிக்கு 24 சட்டகங்களாக (தனிப் படங்களாக) எடுத்த படம் 25 சட்டகங்களாக ஓட்டப்படுகிறது. இதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படியே விட்டுவிட்டால் பாடல்களின் சுருதியும் ஏறிவிடும். வானொலியில் கேட்டுப் பழகிய பாட்டு தகட்டில் சற்றே அந்நியமாக ஒலிப்பதாக உங்கள் தந்தை எப்போதாவது சொல்லியிருந்தால், அவர் காது சரியாகத்தான் இருக்கிறது.

ஆகவே, தூக்கி எறியும் முன் ஒவ்வொரு படத்தையும் இணையப் பிரதியோடு நேர அளவு, பாடல்களின் எண்ணிக்கை, சட்டகம் ஆகியவற்றில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேலத்துக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டின் சுருதியைப் பற்றி அப்பா உண்மையாகவே பலமுறை சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. இன்று படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பட்டியல் கேட்டேன், 64 படங்கள் சொன்னார்.

இந்த 64 படங்களையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவைக்கலாமா? அது சட்டப்படி சரியா? எந்தப் பிளேயர் வாங்குவது?

ஒளிக்கற்றை

பிளேயர் வாங்கும்போது ஒரு செய்தியில் கவனமாக இருங்கள். ப்ளூரே பிளேயர் எல்லாம் டிவிடியை ஓட்டும், ஆனால் அவற்றுள் பல விசிடியை ஓட்டாது. உங்களிடம் விசிடிகளே அதிகம் என்பதால், புதிய தொலைக்காட்சிகளில் செருகும் எச்டிஎம்ஐ இணைப்பு உள்ள டிவிடி பிளேயரே முதல் தேவை. பழைய பிளேயர் நன்றாக ஓடுமானால், அந்த மூன்று ஒயர்களை எச்டிஎம்ஐ ஆக மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றே போதும். உங்கள் அக்கா கொண்டுவந்த ப்ளூரேக்களின் அட்டையில் மண்டலக் குறியீட்டை, அதாவது எந்த நாடுகளின் பிளேயரில் அது ஓடும் என்பதைக் காட்டும் எழுத்தை, பாருங்கள். சிங்கப்பூர் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். மண்டலப் பூட்டு உள்ள தகடு இங்கே வாங்கும் பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே ப்ளூரேயில் இந்தத் தொல்லை இல்லை.

பிரதி எடுப்பது பற்றி: பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு இடம் தருகிறது. 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதையே குற்றம் என்கிறது. விலைகொடுத்து வாங்கிய தகட்டை வீட்டுக்குள் பார்ப்பதற்காகப் பிரதி எடுப்பதும், அதைப் பிறருக்குக் கொடுப்பதும் விற்பதும் ஒன்றல்ல என்பதே என் புரிதல். நான் வழக்கறிஞன் அல்லன் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

விசிடியை முதலில் எடுங்கள். விசிடியும் ஒரு குறுந்தகடுதான். குறுந்தகட்டில் தரவைத் தாங்கும் அலுமினியப் படலம் மேற்புறத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், எழுத்துப் பக்கத்தில் விழும் கீறலும் ஈரப்பதமும் அதை எளிதில் கெடுத்துவிடும். டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் அடுக்குகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது. யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை மடிக்கணினியில் இணைத்தால், விசிடியின் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற கோப்புறைக்குள் இருக்கும் டாட் (DAT) கோப்பை அப்படியே நகலெடுக்கலாம். விஎல்சி என்ற மென்பொருள் அதை ஓட்டும். ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்ப வேண்டாம். இரண்டில் ஏற்றி, ஒன்றை அக்கா வீட்டில் வையுங்கள்.

சேலத்துக்காரன்

டிரைவ் வாங்கிவிட்டேன். இந்த ஞாயிறு வரை 31 தகடுகள் ஏற்றியாயிற்று; நான்கு மட்டும் பாதியில் நின்றுவிட்டன, அவற்றை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து மீண்டும் முயல வேண்டும். எந்தச் சந்தாவிலும் கிடைக்காத படங்களை அப்பாவே பொறுக்கி எடுத்து முதலில் தருகிறார். ஒவ்வொரு பெட்டியின் மீதும் ஏற்றிய தேதியையும் எத்தனை பாடல்கள் முழுமையாக உள்ளன என்பதையும் தம் கையால் எழுதி வைக்கிறார்.